பாதுகாவலர் நம்பர்

விடுதி வார்டன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பயந்தவள். வீட்டை விட்டுக் கிளம்பினால், கேஸை மூடினேனா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, இழுத்துப் பார்த்தேனா என்று மறுபடியும் வந்து பார்க்கிறவள். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. அரசாங்கத்திலிருந்து ஒரு காகிதம் வந்தால் அதைப் படித்துப் பயப்படுகிற அளவுக்குத்தான் என் படிப்பு.

இப்படிப்பட்டவளை எப்படி வார்டனாகப் போட்டார்கள் என்று நினைப்பீர்கள். பயப்படுகிறவள் தூங்கமாட்டாள், அதனால்தான் போட்டார்கள். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவ வந்தவளை, உள்ளூர்க்காரி, ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டுப் பெண் என்று விசாரித்து, காண்ட்ராக்டர் விடுதிப் பொறுப்பைக் கொடுத்தார். மூன்று மாடிக் கட்டடம். கம்பெனியின் உற்பத்தி லைனில் வேலை செய்கிற பெண்கள். கோவில்பட்டி, சங்கரன்கோவில், தர்மபுரி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஷிப்ட் பஸ் கொண்டு போகும், கொண்டு வந்து விடும். நடுவில் இருக்கிற நேரமெல்லாம் என் பொறுப்பு. போன வருடம்தான் ஓய்வு பெற்றேன்.

சாப்பாடு ருசி பார்ப்பது, அறை ஒதுக்குவது, தண்ணீர் லாரிக்குப் போன் போடுவது எல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்த வேலையில் உங்களைச் சுற்றி விதிகள் வந்துகொண்டே இருக்கும். கம்பெனி போடும், காண்ட்ராக்டர் போடுவார், அதற்கு மேல் அரசாங்கம் போடும். போட்டது எதுவும் திரும்பப் போகாது.

கம்பெனிக்குள் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அதே விதியை விடுதிக்கும் கொண்டு வந்தார்கள். மேலே தண்ணீர் ஏறாத நாட்களில் பெண்கள் கீழிருந்து பக்கெட்டில் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு கை கைப்பிடியில் என்றால் ஒரு பக்கெட்தான். இரண்டு பக்கெட் தூக்கினால் கேமராவில் தெரியும், எனக்குப் போன் வரும். மாடி ஏறி இறங்கியே பாதிப் பேர் களைத்துப் போனார்கள்.

ஒரு துறையிலிருந்து வந்து ஜன்னலுக்குக் கம்பி போடச் சொன்னார்கள். பெண்கள் தங்குகிற இடம், எவனாவது ஏறி வந்துவிட்டால்? நியாயம். போட்டோம். இன்னொரு துறையிலிருந்து வந்து கம்பியை எடுக்கச் சொன்னார்கள். தீப்பிடித்தால் பெண்கள் எப்படி வெளியே வருவார்கள்? அதுவும் நியாயம். இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்கலாம் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே நாள் ஒழியவில்லை. கடைசியில் கம்பிக்குக் கீல் வைத்து, பூட்டுப் போட்டு, சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். கீல் வைத்துக் கொடுத்த வெல்டர், "யக்கா, இதுக்கு மேல மூணாவது ஆபீசர் வந்தா என்னக் கூப்டாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் நான் கேலிக்காகச் சொல்லவில்லை. ஈரத் தலையோடு இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு விழுந்த ஒரு பெண்ணை என் கையால் தூக்கியிருக்கிறேன். அவள் பிழைத்தாள். அவள் உதடு நீலமாகிக் கிடந்தது இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அறையில் இஸ்திரிப் பெட்டி கூடாது என்று உத்தரவு வந்தபோது கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் எங்கேயோ யாரோ விழுந்திருக்கிறார்கள். அதை மறக்காதீர்கள்.

ஆனால் ஒரு விதி வந்தது. அதற்குப் பின்னாலும் ஒரு பெண்தான் இருந்தாள். வேறெங்கோ ஒரு விடுதியிலிருந்து வெளியே போனவள் சில நாள் தகவலே இல்லாமல் போய், டிவிக்காரர்கள் வந்து, கேட்டுக்கு முன்னால் நின்று கத்தி, பெரிய கலவரமாகிவிட்டது. பிறகு அவள் தோழி வீட்டிலிருந்து பத்திரமாகத் திரும்பி வந்தாள். அது டிவியில் வரவில்லை.

உடனே கூட்டம் போட்டார்கள். எல்லா விடுதி வார்டன்களையும் கூப்பிட்டார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் இருந்த ஒவ்வொரு அதிகாரியும் எழுந்து ஒரு புது யோசனை சொன்னார். சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் அக்கறை இல்லாதவர் என்று ஆகிவிடும் அல்லவா? எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஒரு செயலி ஆக்கினார்கள்.

அது இப்படித்தான் வேலை செய்தது. ஷிப்டுக்குத் தவிர வேறு எதற்கு வெளியே போவதானாலும் பெண் தன் போனில் அனுமதி கேட்க வேண்டும். அவள் வேலைக்குச் சேரும்போது கொடுத்த பாதுகாவலர் நம்பருக்கு, பெரும்பாலும் ஊரில் இருக்கும் அப்பாவின் போனுக்கு, ஒரு ஓடிபி போகும். அப்பா அதைப் பார்த்து மகளுக்குச் சொல்ல வேண்டும். மகள் அதை அடித்தால் கேட்டில் இருக்கும் கேமரா அவள் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும். ஓடிபி இல்லாமல் கதவை நாங்கள் கையால் திறந்தால், அந்த நொடியே கம்பெனிக்கும் காண்ட்ராக்டருக்கும் அரசாங்கத்துக்கும் தகவல் போய்விடும். விடுதியின் பதிவை நிறுத்திவைப்பார்கள். எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்த விடுதிக்கு அப்படி நடந்தது. ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள் என்று கேக் வாங்கிவர வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். மறுநாள் அங்கிருந்த பெண்கள் எல்லோரும் பையும் பக்கெட்டுமாகச் சாலையோரம் நின்றார்கள். சிலர் அப்படியே ஊருக்குப் போனவர்கள், திரும்பவே இல்லை.

எங்கள் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு இருபது வயது தாண்டியிருந்தது. ஓட்டுப் போடுகிறவர்கள். அத்தனை பெரிய மெஷினைத் தனியாக நின்று ஓட்டுகிறவர்கள். அவர்கள் முக்குக் கடைக்குப் போய்த் தேங்காயெண்ணெய் வாங்க, அப்பா ஓடிபி சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் அப்பா ஆடு மேய்க்கிறவர். டவர் கிடைக்காது. பாறை மேல் ஏறி நின்று நம்பரைக் கத்துவார், கூடவே ஆடும் கத்தும். இன்னொரு பெண் மெடிக்கல் கடைக்குப் போக வேண்டியிருந்தது. எதற்கு என்று அப்பா கேட்டிருக்கிறார். என்னவென்று சொல்வாள்? அனுமதியே வேண்டாம் என்று அறைக்குத் திரும்பிவிட்டாள்.

இருந்தாலும் சொல்கிறேன், அந்த விதி வந்த அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதுவரை நான் ஒருத்தியாகப் பட்ட கவலையை என்னோடு சேர்ந்து படுவதற்கு அரசாங்கமே வந்துவிட்டது போல இருந்தது. என்னைப் போன்ற ஆட்களுக்கு விதி என்பது மாத்திரை மாதிரி. போட்டுக்கொண்டால் நெஞ்சு படபடப்பு அடங்கும்.

முத்துக்கனி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். இருபத்து மூன்று வயது. சின்ன வயதிலேயே அம்மா இல்லை. தம்பி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அதிகம் பேசமாட்டாள். ஆனால் சாம்பாரில் உப்பு இல்லையென்றால் முதலில் வந்து சொல்வது அவள்தான்.

ஒரு நாள் முதல் ஷிப்ட் முடிந்து பஸ் வந்து நின்று கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். வாட்ச்மேன் ஏழுமலை என் அறைக்கு வந்தார். பென்னலூர்க்காரர், எப்போதும் சிரித்த முகம். அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"யக்கா, அந்தக் கனிப் பொண்ணு கேட்டாண்ட குந்திகினு அழுவுது. இன்னான்னு கேட்டா போனக் காட்டுது. எனக்கு ஒண்ணும் புரியல, நீ வா."

போனேன். போனைக் காதில் வைத்தபடியே அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவள் சித்தப்பா. நான் வாங்கிப் பேசினேன். மூட்டை ஏற்றும்போது அவள் அப்பா லாரி மேலிருந்து தலைகுப்புற விழுந்துவிட்டாராம். திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க்கொண்டிருக்கிறார்களாம். பேச்சு இல்லை, மூச்சு இருக்கிறது.

"பிள்ளைய ஒடனே அனுப்பி வைங்க மேடம். விடிய வரைக்கும் தாங்குமான்னு டாக்டர் சொல்ல மாட்டேங்காரு" என்றார் சித்தப்பா.

உடனே பெருங்களத்தூர் போனால் சாயங்காலம் திருநெல்வேலிக்குக் கிளம்பும் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். பிடித்தால் விடியும்போது அங்கே இருப்பாள். விட்டால், அடுத்த நாள்தான். அதுவரை அவர் இருப்பாரா என்று தெரியாது.

அவள் ஏற்கெனவே செயலியில் அனுமதி கேட்டிருந்தாள். காரணம் என்ற இடத்தில் அப்பா ஆஸ்பத்திரி என்று போட்டிருந்தாள். ஓடிபி அனுப்பப்பட்டது என்று வந்திருந்தது. அப்பாவின் போனுக்கு. அவர் விழுந்தபோது அது எங்கே தெறித்துப் போனது என்றே யாருக்கும் தெரியவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள்.

"எங்கப்பா எந்திச்சு வந்து ஓடிபி சொன்னாத்தான் நான் அவரப் பாக்கப் போகணுமா மேடம்?"

நான் என் போனை எடுத்தேன்.

காண்ட்ராக்டரின் மேனேஜருக்குப் போன் போட்டேன். சின்ன வயதுப் பையன், நல்லவர். செயலியின் உதவி மையத்துக்குப் பேசுங்கள், இது தன் கையில் இல்லை என்றார். உதவி மையத்தில் ஒரு பெண் எடுத்தாள். பாதுகாவலர் நம்பரை மாற்றலாம், அதற்கு இப்போதைய பாதுகாவலரின் போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றாள். நான் விஷயத்தை மறுபடியும் சொன்னேன். "எனக்குப் புரியுதும்மா. ஆனா என் ஸ்கிரீன்ல அதுக்கு ஒரு பட்டன் இல்லம்மா" என்றாள். கடைசியாக, விடுதிகளைக் கவனிக்கிற துறை அலுவலகத்துக்குப் போட்டேன். ஐயா மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள்.

ஒருவர்கூடக் கல்நெஞ்சுக்காரர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவன் ஒருவன் வழியை மறித்தால் அவனோடு சண்டை போடலாம். எல்லோரும் நல்லவர்களாக இருந்து, எல்லோரும் கையைப் பிசைந்தால் என்ன செய்வது?

கேட்டைக் கையால் திறந்துவிடலாமா என்று ஏழுமலையைப் பார்த்தேன். அவர் கேமராவைப் பார்த்தார்.

"நா தொறந்தா எம் மூஞ்சி அதுல கீது யக்கா. செக்யூரிட்டி ஏஜென்சிக்காரன் நாளைக்கே வூட்டுக்குப் போன்னுடுவான். நீ தொறன்னு சொன்னா தொறக்கறேன். ஆனா மேல கீற பொண்ணுங்க எல்லாம் எங்க போவும்? அதையும் ரோசன பண்ணிக்க."

அவர் பயந்து சொல்லவில்லை, நியாயத்தைத்தான் சொன்னார். ஒருத்திக்காகத் திறந்தால் விடுதியே காலி. ஒருத்திக்குத் திறக்காவிட்டால் அவள் அப்பா காலி. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு அந்தக் கேட்டின் பக்கத்தில் நின்றேன். என் கண் சுவரில் இருந்த தீ மணியின் சிவப்புப் பெட்டி மேல் விழுந்தது.

விடுதி திறந்த புதிதில் தீ ஒத்திகை சொல்லிக்கொடுக்கத் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்தார். மீசை நரைத்தவர். பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நான் அவரிடம் ஆயிரம் கேள்வி கேட்டேன். தீ எந்தப் பக்கம் வரும், முதல் மாடியை முதலில் இறக்குவதா, மூன்றாவது மாடியையா, பெண்கள் துணி எடுக்க ஓடினால் என்ன செய்வது, கதவு மாட்டிக்கொண்டால் என்ன செய்வது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மணி அடிச்சா மொதல்ல கேட்டும்மா. மத்ததெல்லாம் வெளியில நின்னுகிட்டு யோசிக்கலாம்" என்றார். அதனால்தான் அந்த மணியை அழுத்தினால் கேட் தானாகவே திறந்துகொள்ளும்படி வைத்திருந்தார்கள். யாருடைய ஓடிபியும் வேண்டாம். தீ என்றால் ஆட்கள் வெளியே வந்தே ஆக வேண்டும். அதுவும் அரசாங்க விதிதான்.

மாதம் ஒரு ஒத்திகை நடத்த வேண்டும். அந்த மாதத்து ஒத்திகையை இன்னும் நடத்தவில்லை. நாள் குறிப்பது என் பொறுப்பு.

மேலே போய் முத்துக்கனியின் அறைத் தோழியிடம் மட்டும், இப்போது மணி அடிக்கப்போகிறது, எதற்கு என்று சொன்னேன். அவள் மற்றவர்களிடம் எப்படிச் சொன்னாள், எப்போது சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கீழே வந்து ஏழுமலையிடம், அவர் மனைவியை வரச் சொல்லி, தெருக்கோடியில் ஒரு ஆட்டோ வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். முத்துக்கனியைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பெருங்களத்தூர் வரை கூடப் போய், பஸ்ஸில் உட்கார வைத்து, கண்டக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வரச் சொன்னேன். அந்த அம்மா எதுவும் கேட்காமல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தார்.

பிறகு கண்ணாடியை உடைத்து மணியை அழுத்தினேன். இரண்டாவது தடவைதான் அழுந்தியது.

வழக்கமாக என் ஒத்திகைக்கு ஒரு ஊர்வலமே முனகிக்கொண்டு வரும். தூங்க விடுறாங்களா பாரு, இதே வேலையா இந்தம்மாவுக்கு என்று என் காதுபடவே சொல்வார்கள். அன்றைக்கு ஒருத்தியும் முனகவில்லை. தலையில் ஷாம்பு நுரையோடு ஒருத்தி, கையில் பாதி தோசையோடு ஒருத்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். கேட் பிளந்து கிடந்தது. எதிரில் இருக்கும் காலி மனைதான் நாங்கள் கூடும் இடம். எல்லோரும் அங்கே போய் நின்றார்கள். ஒத்திகையில் பை எடுத்துவரக் கூடாது என்பது விதி. முத்துக்கனி கையில் போனும் ஒரு துண்டும் மட்டும் இருந்தது. அவள் மனையில் நிற்கவில்லை. என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். போ என்று தலையசைத்தேன். அவள் நடந்தாள், பிறகு ஓடினாள்.

ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஒத்திகை முடிந்தால் தலை எண்ணி, செயலியில் போட வேண்டும். நீங்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள். நான் எண்ணிக்கையை மாற்றிப் போடவில்லை. ஒரு ஆள் குறைவு என்றுதான் போட்டேன். போடுவதற்கு முன்னால் மேனேஜருக்குப் போன் செய்து, யார் குறைவு, எங்கே போகிறாள், யாரோடு போகிறாள், நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிட்டேன். மணியும் பொய்யில்லை, கணக்கும் பொய்யில்லை. பொய் சொல்லியிருந்தால் எனக்கு அன்றே நெஞ்சு வலி வந்திருக்கும்.

மேனேஜர், "நீங்க இன்னா பண்ணி வெச்சிருக்கீங்கன்னு தெரியுதா மேடம்?" என்றார். தெரியும் என்றேன். "எங்கப்பாவா இருந்தா நான் செவுரேறிக் குதிச்சிருப்பேன். ஆனா அத மெயில்ல எழுத முடியாது மேடம்" என்றார்.

விழுப்புரம் தாண்டியதும் முத்துக்கனியிடமிருந்து ஒரு போன், திருச்சியில் ஒரு போன், மதுரையில் ஒரு போன். அவளிடம் அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். செய்தாள். எந்தச் செயலியும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. விடிந்த பிறகு வந்த போனில் குரல் சரியாகக் கேட்கவில்லை.

"வந்துட்டேன் மேடம். அப்பா கண்ணத் தொறந்து பாத்தாக. என்னத் தெரிஞ்சது அவுகளுக்கு."

அந்த வாரமே அவர் போய்விட்டார். அவர் கடைசியாகக் குடித்த தண்ணீரை அவள்தான் கொடுத்தாள். நான் செய்தது சரியா தப்பா என்று யாராவது கேட்டால் அதை மட்டும் சொல்வேன்.

விசாரணைக்குத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். என்னைவிட எவ்வளவோ சின்னவர். கோபக்காரராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். மணியை எதற்கு அழுத்தினீர்கள் என்று கேட்டார். மாத ஒத்திகை என்றேன். அந்த நேரத்தில் எதற்கு என்று கேட்டார். அந்தப் பெண் போக வேண்டியிருந்தது என்றேன். வழியில் அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். செத்திருப்பேன் மேடம் என்றேன். அது நிஜம்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். அப்போதுதான் அவர் விரல்களைப் பார்த்தேன். நகங்களைச் சதை தெரியக் கடித்து வைத்திருந்தார். என் விரல்களும் அப்படித்தான் இருக்கும். இந்தப் பெண்ணும் வீட்டை விட்டுக் கிளம்பினால் கேஸைப் பார்க்கத் திரும்பி வருகிறவளாகத்தான் இருப்பாள் என்று தோன்றியது.

"எங்கயாவது ஒரு பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீங்க என்ன பண்ணீங்கன்னு என்னைத்தான் நிக்க வெச்சுக் கேப்பாங்கம்மா. காட்டறதுக்கு என் கையில ஏதாவது இருக்கணும்" என்றார். பிறகு, "நீங்க பண்ணது தப்புன்னும் எனக்குத் தெரியுது, தப்பில்லைன்னும் தெரியுது. ரிப்போர்ட்ல ரெண்டுல ஒண்ணுதான் எழுத முடியும்" என்றார்.

தப்பு என்றுதான் எழுதினார். ஆனால் விடுதியின் பதிவை நிறுத்தவில்லை, என்னை எச்சரிக்கையோடு விட்டார். பெண்கள் யாரும் பையோடு சாலையில் நிற்கவில்லை. அந்த மேடத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. மேலே இருப்பவருக்குப் பயந்து அவர், அவருக்குப் பயந்து காண்ட்ராக்டர், காண்ட்ராக்டருக்குப் பயந்து நான். ஒவ்வொருவரும் அவரவர் பயத்துக்கு மருந்தாக ஒரு விதி போட்டுக்கொள்கிறோம். முத்துக்கனி போன்ற பெண்ணுக்கு எது பயம் என்று யாரும் கேட்பதில்லை. அவளுக்கு வெளியே போவதில் பயமில்லை. அப்பாவைப் பார்க்காமல் போய்விடுவோமோ என்பதுதான் அவள் பயம்.

பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கும் என்று ஆசையாகப் பிரித்தேன். இனிமேல் தீ ஒத்திகை நடத்த முன்அனுமதி வாங்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அனுமதியும் செயலியில்தான் கேட்க வேண்டும். ஏழுமலைக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நெருப்புக்கும் ஓடிபி வரணும்ன்றியா யக்கா?" என்றார்.

அதனால் அந்த மணி இனி உங்களுக்கு உதவாது. வேறு ஏதாவதுதான் உதவும். என்ன என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு மத்தியானம் உங்களுக்கும் வரும், அப்போது கையைப் பிசைகிற நல்லவர்களில் ஒருத்தியாக நின்றுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். செய்துவிட்டு மறைக்கவும் மறைக்காதீர்கள். நான்தான் என்று சொல்லுங்கள். சொல்வதற்கு முன் பயமாக இருக்கும், சொல்லிவிட்டால் பாதி குறைந்துவிடும்.

முத்துக்கனி காரியமெல்லாம் முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். தம்பியைப் படிக்க வைக்க வேண்டும், வேலையை விட முடியாது. ஷிப்ட் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். ஆனால் வெளியே போக அனுமதி கேட்டால், பாதுகாவலர் எண் செயல்பாட்டில் இல்லை என்று வந்தது. இறப்புச் சான்றிதழைக் கொடுத்து அப்பாவின் பெயரை நீக்கினோம். இப்போது அந்த இடம் காலி. யாரையாவது போட்டாக வேண்டும்.

சித்தப்பா நம்பரைக் கொடும்மா என்றேன்.

"சித்தப்பா நல்லவருதான் மேடம். ஆனா மாப்ள பாத்துட்டாரு. அவரு நம்பரப் போட்டா, ஓடிபி சொல்லுததுக்கு முன்னாடி எப்ப வார, எப்ப வாரன்னு கேப்பாரு. ஒரு நா சொல்லாமயே இருந்துருவாரு."

தம்பிக்குப் பதினெட்டு ஆகவில்லை. என் நம்பரைப் போடலாம் என்று நினைத்தேன். வார்டன் பாதுகாவலராக இருக்கக் கூடாது என்று விதியில் தெளிவாக இருந்தது.

அன்றைக்கு அந்த விதிகளை முழுவதும் உட்கார்ந்து படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் விடமாட்டேன். படித்து முடித்துவிட்டு, படித்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் படித்தேன். பாதுகாவலர் பதினெட்டு வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். செயல்பாட்டில் உள்ள கைபேசி எண் வைத்திருக்க வேண்டும். விடுதிப் பணியாளராக இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அது அந்தப் பெண்ணைத் தவிர வேறொரு ஆளாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அந்தப் பெண் அதிகாரிக்கே போன் போட்டுக் கேட்டேன். எச்சரிக்கை வாங்கியவள் அல்லவா, கேட்காமல் செய்ய எனக்குத் தைரியமில்லை. விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் விதிகளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இருக்கக் கூடாதுன்னு இல்லையேம்மா" என்றார். "போடுங்க. சிஸ்டம் எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும்."

பாதுகாவலர் பெயர் என்ற இடத்தில் முத்துக்கனி என்று அடித்தேன். நம்பர் என்ற இடத்தில் அவள் நம்பரையே அடித்தேன். உறவு என்று கேட்டது. தந்தை, தாய், கணவர், சகோதரர், மற்றவர் என்று வரிசையாக இருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என் தோளுக்கு மேல் குனிந்து, மற்றவர் என்பதைத் தொட்டாள். சிஸ்டம் எடுத்துக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரகடம் போக அனுமதி கேட்டாள். அப்பாவின் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும், தலைமாட்டில் வைத்துக்கொள்ள. ஓடிபி அவள் கையிலிருந்த போனிலேயே வந்து விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். உடனே அடிக்கவில்லை. ஒரு நிமிடம் யோசித்தாள், எதற்குப் போகிறாய், எப்போது வருவாய் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறவள் மாதிரி. பிறகு அடித்தாள். கேட் திறந்தது.

பார்த்துப் போ என்றேன். போயிட்டு வாரேன் மேடம் என்று அவள் சாலையில் இறங்கி நடந்தாள்.